நீலம் போன இரவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில், கடற்கரையை ஒட்டிய ஒரு சிற்றரங்கில், முர்னாவ் 1922இல் இயக்கிய ‘நோஸ்ஃபெராட்டு’ என்னும் ஜெர்மானிய மௌனப் படத்தைத் திரையிட்டார்கள். கறுப்புச் சட்டையும் கறுப்பு உதட்டுச்சாயமும் பிளாஸ்டிக் கோரைப்பல்லுமாகக் கல்லூரி மாணவர்கள் திரண்டு வந்திருந்தது எனக்கு மகிழ்ச்சியளித்தது. ஆனால் படத்தின் ரத்தம் குடிக்கும் பேயான ஆர்லோக் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் நடக்கும் இடத்தில் அரங்கமே கொல்லென்று சிரித்துவிட்டது. பட்டப்பகலில் பேய் பெட்டி சுமந்து போனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

தவறு திரையிட்ட பிரதியுடையது. இரவுக் காட்சிகளையும் அன்று பகல் வெளிச்சத்தில் எடுத்து, பிரதியை நீலச் சாயத்தில் தோய்த்து இரவாக்கினார்கள். விடியலுக்கு இளஞ்சிவப்புச் சாயம். இங்கே காட்டியதோ சாயமே இல்லாத வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதி. வேறு படமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இதில் இறுதியில் பிரபுவை மாய்ப்பதே காலை வெயில் என்பதால், கதையே குலைந்துபோகிறது. பிராம் ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு ‘டிராகுலா’ நாவலைத்தான் இந்தப் படம் அனுமதியின்றித் தழுவியது. அந்த நாவலில் டிராகுலா லண்டன் வீதியில் பகலிலேயே நடமாடுகிறான். வெயில் பட்டால் அழிவான் என்பது இந்தப் படம் சேர்த்த விதி.

அழைப்பிதழில் ‘ரத்தக்காட்டேரி’ என்று அச்சிட்டிருந்ததிலும் எனக்கு உடன்பாடில்லை. கடலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் காட்டேரிக்குப் படையல் போட்டுக் கும்பிடுகிறோம். அவள் பெயரை இந்தச் சீமைப் பிரபுவுக்கு ஏன் சூட்ட வேண்டும்?

மாணவர்கள் அணிந்திருந்த கோரைப்பல்கூட ஆர்லோக்கினுடையது அன்று. அவனுக்கு எலியைப் போல முன்பல் இரண்டுதான் நீண்டிருக்கும். 1931இல் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி நீண்ட பல்லைக் காட்டுவதே இல்லை. 1958இல் வண்ணத்தில் வந்த கிறிஸ்டோபர் லீதான் கோரைப்பல்லையும் ரத்தச் சிவப்பையும் நிலைநாட்டினார். ‘காத்’ எனப்படும் கறுப்புடை ரசிகர் கூட்டத்தார் கொண்டாடும் பௌஹாஸ் இசைக்குழுவின் 1979ஆம் ஆண்டுப் பாடலோ லுகோசியின் பெயரைத் தாங்கியது. ஆக, அந்தப் பிள்ளைகள் லுகோசியின் ரசிகர்களாக, லீயின் பல்லோடு, ஆர்லோக்கைப் பார்க்க வந்திருந்தார்கள். அதில் பிழையொன்றும் இல்லை.

ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கில், படத்தின் பிரதிகளை அழிக்கும்படி 1925இல் ஜெர்மானிய நீதிமன்றம் உத்தரவிட்டும் சில தப்பின. பாரிஸின் சினிமாத்தேக் பிரான்சேஸ் என்னும் திரைப்படக் காப்பகத்தில் இருந்த, 1922இல் சாயமேற்றிய பிரெஞ்சுப் பிரதியைக் கொண்டு படத்தைச் சீரமைத்தும் விட்டார்கள். பிரெஞ்சு அறிந்தவர்கள் நிறைந்த இவ்வூரில் அந்தச் சீரமைப்பைத் தருவித்து மீண்டும் ஒருமுறை திரையிடுமாறு அமைப்பாளர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.