கட்டுமானத் தொழிலாளர்களின் நுரையீரல் காக்க நிதியுதவி வேண்டுகிறோம்

அன்புடைய மியன்மார்த் தமிழ்ப் பெருமக்களுக்கு வணக்கம்.

2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் நேர்ந்த நிலநடுக்கம் மண்டலேயையும் சகாயிங்கையும் சரித்துப் போட்ட பின்னர், இடிபாடுகளை அகற்றவும் புதிதாகக் கட்டவும் செல்லும் கொத்தனார்களிலும் சித்தாள்களிலும் நம் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். காங்கிரீட்டையும் செங்கல்லையும் உலர்ந்த நிலையிலேயே அறுக்கும் அவர்களுக்காகவே இந்த நிதியைத் திரட்டுகிறோம்.

மணல், செங்கல், காங்கிரீட், கருங்கல் ஆகிய எல்லாவற்றிலும் சிலிக்கா என்னும் கனிமம் உண்டு. அறுக்கும்போதும் உடைக்கும்போதும் தேய்க்கும்போதும் அது கண்ணுக்குத் தெரியாத பொடியாகி, நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கி, அங்கே வடு உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்த நோய் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே தெரியவரும். மிகுதியான தூசியில் வேலை செய்தவர்களுக்குச் சில மாதங்களிலேயே வந்துவிடுவதும் உண்டு. வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. இதே தூசி நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997ஆம் ஆண்டிலேயே உறுதி செய்துவிட்டது.

முகக்கவசம் வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். வேலைத்தளத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் விடை தெரியும். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் கல்லறுக்கும் இயந்திரமான கட்டரைப் பிடிக்கிறார். வெள்ளைப் புகைபோல எழும் தூசி அவர் புருவத்திலும் காது மடலிலும் படிகிறது. பக்கத்தில் கல் சுமக்கும் பெண்ணுக்கோ அந்தத் துண்டும் இல்லை. துண்டும் சாதாரணத் துணிக்கவசமும் இந்த நுண்தூசியைத் தடுப்பதில்லை. என்95 கவசம் தடுக்கும். ஆனால் அது முகத்தோடு இடைவெளியின்றிப் படிய வேண்டும். தாடி இருந்தால் படியாது. வெற்றிலை போடுகிறவர் துப்புவதற்காக அதை அடிக்கடி இறக்கத்தான் செய்வார். நாள் முழுவதும் வெயிலில் உழைப்பவரை அதற்காகக் கடிந்துகொள்வதும் நியாயமாகாது.

ஆகவே தூசி எழாமல் தடுப்பதே முதல் வேலை என்று குழு முடிவு செய்துள்ளது. அறுக்கும் தகட்டின் மீது நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் இடைவிடாமல் விழுந்தாலே, எழும் தூசியின் பெரும்பகுதி அங்கேயே சேறாகிவிடும். தண்ணீருக்கென்று செய்யப்படாத மின்கட்டரில் நீரூற்றுவது உயிருக்கே ஆபத்து என்பதால், நீர்க்குழாய் பொருத்திய பெட்ரோல் கட்டர்களையும், கையால் காற்றடித்து இயக்கும் தண்ணீர்த் தொட்டிகளையும் வாங்கித் தளங்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்க எண்ணியுள்ளோம். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத இடங்களிலும் இவை வேலை செய்யும். தண்ணீருக்குப் பிறகும் மிஞ்சும் தூசிக்காகவே என்95 கவசங்கள். உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் நனைத்து அள்ளுவதையும், தூசி படிந்த உடையைத் தளத்திலேயே மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவதையும் தமிழிலும் பர்மிய மொழியிலும் சொல்லிக் கொடுப்போம். இதற்குச் செலவு அதிகமில்லை.

நீண்ட காலம் இத்தொழிலில் இருப்பவர்களுக்கு மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்ய ஒரு பகுதியை ஒதுக்குகிறோம். சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும். நம் நாடோ காசநோய் மிகுந்த நாடுகளில் ஒன்று. இருமலோடு வேலைக்குப் போகிறவர் கூலி போய்விடுமே என்ற அச்சத்தில் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. எனவே பரிசோதனை நாளின் கூலியையும் நிதியிலிருந்தே கொடுப்பது என்று தீர்மானித்துள்ளோம். இந்த ஒரு செலவில் மட்டும் சிக்கனம் பார்க்க மாட்டோம்.

மழைக்காலம் முடிந்ததும் கட்டட வேலையும் தூசியும் ஒருசேரப் பெருகும். அதற்குள் முதல் தொகுதிக் கருவிகளை வாங்கிவிட விரும்புகிறோம். பணமாகவும் தரலாம், நல்ல நிலையிலுள்ள கட்டர், தண்ணீர்த் தொட்டி, பிரிக்கப்படாத கவசப் பெட்டி ஆகியவற்றையும் தரலாம். ஒப்பந்தக்காரர்கள் தங்கள் தளத்தில் நீரூற்றி அறுக்க ஒப்புக்கொண்டால் அதையும் நன்கொடையாகவே ஏற்போம். வெளிநாட்டில் வாழும் உறவினர்கள் இங்குள்ள தம் குடும்பத்தார் வழியாகச் செலுத்தலாம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தருவோம்; வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

இங்ஙனம்,
நிதிக் குழுவினர்