வானொலி நேயர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. பொங்கல் சந்திப்பு வழக்கம்போல் நடந்தது. மறைந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். புதிதாக மூவர் சேர்ந்தனர்.

இனி, இந்த ஆண்டின் முக்கியப் பணி. திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது 1939 மே 16. அதையொட்டி மே 19, ஞாயிற்றுக்கிழமை, எழுபது எண்பதுகளின் வானொலி நாள் ஒன்றைக் காலை முதல் இரவு வரை மண்டபத்தில் அப்படியே நடத்திப் பார்த்தோம். "இதற்கு ஒரு முழு நாள் தேவையா, இரண்டு மணி நேரம் பழைய பாட்டுப் போட்டால் போதாதா" என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. பாட்டு மட்டும் வேண்டுமென்றால் கைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். நம்மை வளர்த்தது பாட்டு மட்டும் இல்லை. சினிமாப் பாட்டுக்காகக் காத்திருந்தவன் அதற்கு முன்னால் நெல் விலையையும் மேட்டூர் நீர்மட்டத்தையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். கச்சேரிக்காக உட்கார்ந்தவர் காதில் தொழிலாளர் நிகழ்ச்சியும் விழும். கேட்க நினைக்காததையும் கேட்டுத்தான் நமக்குப் பாதி விஷயம் தெரிந்தது. அந்த வரிசையைக் காட்டத்தான் முழு நாள் கேட்டேன். இப்போதும் அதுவே என் கருத்து.

நிகழ்ச்சி நிரலுக்கு ஆதாரம், ஆகாசவாணியே வெளியிட்டு வந்த 'வானொலி' இதழின் பழைய பிரதிகள். இரண்டு மாதம் உட்கார்ந்து அவற்றிலிருந்து எழுதி எடுத்தேன். பழைய ஒலிநாடாக்கள் நமக்குக் கிடைக்காததால், பெரும்பாலானவற்றை உறுப்பினர்களே படித்தும் பேசியும் நிகழ்த்தினார்கள். சனிக்கிழமை இரவு 9.30க்கு வரவேண்டிய தேசிய சங்கீத நிகழ்ச்சியை ஞாயிறன்று வைத்ததைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள். 1952 முதல் வந்த நிகழ்ச்சி அது, விட்டுவிட மனம் வரவில்லை.

மேடையில் ஒரு வால்வு ரேடியோவை வைத்தோம். அதைத் திருகினால் உடனே பாடாது. வால்வு சூடேற வேண்டும். முகப்பில் பச்சைக் கண் மெல்ல ஒளிர்ந்து, நிலையம் சரியாகப் பிடிபட்டதும் இரண்டு பக்கமும் நெருங்கி வரும். நிலையத்தைக் காட்டும் முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருந்ததால் தையல் நூலை முறுக்கிக் கட்டினோம். உண்மையில் ஒலி வந்தது பின்னால் வைத்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்துதான். ஆனாலும் விடியற்காலையில் இசையமைப்பாளர் வால்டர் காஃப்மன் அமைத்ததாகச் சொல்லப்படும், ஒலிபரப்பு தொடங்கும்போது வரும் ஆகாசவாணியின் முகப்பிசை எழுந்தபோது மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதன்பின் வந்தே மாதரம், மங்கள இசை, பக்திப் பாடல்கள். 6.55க்கு சமஸ்கிருதச் செய்தி. "இயம் ஆகாசவாணீ" என்று தொடங்கியதுமே அடுத்த வரியைக் கூட்டமே சேர்ந்து சொன்னது. 1974இல் தொடங்கிய அந்தச் செய்தி பொருள் புரியாமலே நம் வீடுகளில் மனப்பாடமாகிவிட்டது, பள்ளிக்குக் கிளம்பும் கடிகாரமே அதுதான். 7.15க்கு டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி. அதை வாசித்துப் புகழ்பெற்ற சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டு, நம் உறுப்பினரான ஆசிரியை வாசித்தார். சொல்லைக் கடித்துத் துப்பாமல், இழுக்காமல் வாசிப்பது எவ்வளவு கடினம் என்று ஒத்திகையில்தான் தெரிந்தது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்களின் 'இன்று ஒரு தகவல்' பாணியில் ஒருவர் பேசினார், நன்றாகவே இருந்தது.

காலை ஒலிபரப்பு முடிந்ததும் அக்கால வழக்கப்படி நண்பகல் வரை மௌனம். இந்த இடைவெளியை வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். அதில் எழுந்து போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. மதியம் மகளிர் நிகழ்ச்சியும், திரைப்படத்தைச் சுருக்கி ஒலியாக மட்டும் தரும் ஒலிச்சித்திரமும் இருபது பேருக்குள் நடந்தன. சிறுவர் நிகழ்ச்சிக்குப் பேரக்குழந்தைகளை அழைத்து வருகிறோம் என்று ஒன்பது பேர் சொல்லியிருந்தார்கள், வந்தது இரண்டே குழந்தைகள். அந்த இருவரும் மைக் முன்னால் பயமில்லாமல் பாடினார்கள். அவர்களுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தது என் சொந்தச் செலவு, கணக்கில் வராது.

மாலை விவசாயிகளுக்கான 'வீடும் வயலும்' நேரம்தான் நாளின் உச்சம். விவசாயியான நம் உறுப்பினர் ஒருவர் எழுதி வைத்ததைப் படிக்காமல் தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மறுநாளே ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தின் விதை தேடிப் போனாராம். அறுபதுகளில் தஞ்சை வட்டாரத்தில் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது நம்மில் பலருக்கும் தெரியும். வயலில் விளைந்த ஒரு நெல்லுக்கு வானொலியின் பெயர்! இதைவிட ஒரு நிலையத்துக்கு வேறென்ன பட்டம் வேண்டும்? பொறுப்பாளர்களில் சிலர் இதைக் கேட்க அங்கே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். கலந்துகொள்ள இயலாது என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் சாப்பாடாவது வீணாகியிருக்காது.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே வைப்பார். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, உணவு மூன்றும் கையைக் கடித்தன. நன்கொடையால் ஓரளவு ஈடுகட்டினோம். இருப்பு மிகக் குறைவு, கடன் இல்லை.

சந்தா பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏறக்குறைய பாதி உறுப்பினர்கள் இரண்டு ஆண்டுகளாகக் கட்டவில்லை. வானொலி நாளன்று வைத்த கண்காட்சிக்கு, ஓய்வுபெற்ற தபால்காரரான நம் மூத்த உறுப்பினர் தன் வீட்டு ரேடியோ லைசென்ஸ் (வீட்டில் ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டவேண்டியிருந்த உரிமம்) புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். மங்கிய அட்டை. உள்ளே வருடத்துக்கு வருடம் ஒட்டிய வில்லைகள், மேலே அஞ்சலகத்தின் வட்ட முத்திரை. 15 ரூபாய் பெரிய தொகையாக இருந்த காலத்தில், ஒரு வருடம்கூட விடாமல் அவர் அப்பா வரிசையில் நின்று கட்டியிருக்கிறார். 1985இல் லைசென்ஸ் ரத்தாகும் வரைக்கும் நம் வீடுகளிலும் இதேபோல் கட்டியவர்கள்தானே? இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

தலைவர் அவர்களுக்கும், மண்டபத்தாருக்கும், ஒலிபெருக்கித் தம்பிக்கும், சமையல் செய்த குழுவினருக்கும், மேடையேறிய அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை. எண்பது வயதைத் தாண்டிய நேயர்களின் நினைவுகளை அவரவர் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்யவேண்டும். அதற்கு ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியும், உடன் வர இரண்டு பேரும் போதும். காலம் தாழ்த்த முடியாது, இந்த ஆண்டே இருவரை இழந்திருக்கிறோம். நிலுவையில் பாதி வந்தாலே கருவி வாங்கிவிடலாம். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் முழுமனதோடு ஒப்படைப்பேன். யாரும் இல்லையென்றால் நானே தொடர்கிறேன். ரசீதுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, மாலையில் எப்போதும் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்