கைடு செலவு தண்டமாங்க?

ஆசிரியருக்கு வணக்கம்ங்க.

போன வாரம் தீவு தீவா கயாக்ங்கற சின்னத் துடுப்புப் படகு ஓட்டிட்டு ராத்திரி கரையில டென்ட் போட்டுத் தங்கற டிரிப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், படமெல்லாம் அருமை, ஆனா நடுவுல "கைடுக்குக் குடுக்கற காசு தண்டம், லைஃப் ஜாக்கெட் இருந்தா தனியாவே போயிட்டு வந்துடலாம்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அதுல இருந்து மனசே ஆறல.

நான் போயிருக்கேங்க. பொண்ணு கனடால இருக்கா, அவ கூட வான்கூவர் தீவோட மேற்குக் கரையில புரோக்கன் குரூப்ங்கற தீவுக் கூட்டத்துக்குப் போனேன். நூத்துக்கும் மேல குட்டிக் குட்டித் தீவு, பசிபிக் ரிம் தேசியப் பூங்காவுல வருது, டென்ட் போட 7 இடத்துலதான் அனுமதி. ஏரியே பெரிய தண்ணின்னு வளர்ந்த சேலத்துக்காரி நான். மொத நாள் அந்த கைடு பொண்ணு என் ஜாக்கெட்டோட ரெண்டு தோள்பட்டையையும் புடிச்சு மேல தூக்குச்சு, சர்ருன்னு காது வரைக்கும் ஏறிடுச்சு. தண்ணில விழுந்தா இது மட்டும்தான் மிதக்கும்னு சொல்லிட்டு ஒவ்வொரு பட்டையா இழுத்து இறுக்குச்சு. கயாக் கவுந்தா, தண்ணி உள்ள வராம இடுப்பச் சுத்தி மாட்டியிருக்கற மூடியோட முன்வார எப்படி இழுத்துட்டு வெளிய வரணும்னு கரையோரமாவே பழக்கிச்சு. அங்க கோடையிலயும் தண்ணி வெறைக்கும், விழுந்தவுடனே மூச்சு தன்னால இழுக்கும், அப்ப தண்ணி உள்ள போனா நீச்சல்காரனும் தத்தளிப்பான். மதியத்துக்கு மேல காத்து ஏறும்னு காலங்காத்தாலயே கெளப்பிடும். ஒருநாள் மூடுபனில எதிர்த் தீவே தெரியல, நாங்க என்ன முணுமுணுத்தும் விடல, ரேடியோல வானிலை கேட்டுட்டே உக்காந்திருந்துச்சு. அதுக்குக் குடுத்த காசு தண்டமாங்க?

ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர்ல, காவிரிக்கரை நெடுக என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாததில்ல. எங்க தெருப் பையன் ஒருத்தன அப்படித்தான் பறிகுடுத்தோம், நல்லா நீச்சல் தெரிஞ்சவன், உங்க பத்திரிகைல நாலு வரி வந்துச்சு. கோடை மலர் அட்டையில கைக்குழந்தையோட ஒரு குடும்பம் படகுல, ஒருத்தருக்கும் ஜாக்கெட் இல்ல, அப்பவே எழுதினேன், பதிலே இல்ல. ஒரு படகுத்துறைல பக்கிள் ஒடஞ்ச ஜாக்கெட்ட கயித்தால கட்டி என் பேரனுக்கு மாட்டி விட்டாங்க, கேட்டா "ஏரிதானம்மா"ங்கறாங்க, அதையும் எழுதினேன், அதுவும் வரல.

இதுல மன்னார் வளைகுடா தீவுலயும் இப்படித் தங்கலாம்னு வேற போட்டிருக்கீங்க. அந்தத் தீவெல்லாம் 1986லயே கடல்சார் தேசியப் பூங்கா ஆயிடுச்சு, வனத்துறை அனுமதி இல்லாம கால் வெக்கக் கூடாது, கடல்பாசி எடுத்துப் பொழைக்கற அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கே அங்க கட்டுப்பாடு. இதப் படிச்சுட்டு நாலு காலேஜ் பசங்க இங்கிருந்து வண்டியேறுனா யாருங்க பொறுப்பு?

அந்த ரெண்டு வரியும் தப்புன்னு அடுத்த வாரம் அதே பக்கத்துல கண்ணுக்குத் தெரியற எழுத்துல போடுங்க, ஜாக்கெட்ட எப்படி இறுக்கணும்னும் ஒரு படம் போட்டா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ரொம்ப வருஷத்து வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்