மாநாட்டுக் கட்டுரையும் கட்டுரைதான், ஐயா!

மதிப்பிற்குரிய ஆராய்ச்சிப் பிரிவு இயக்குநர் அவர்களுக்கும் கல்விக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். என் பதிவு எண்ணும் கோப்பும் உங்களிடம் இருக்கின்றன. மூன்று முறை வந்து மூன்று முறையும் திரும்பிய கோப்பு என்பதால் தேடி எடுப்பது சிரமமாக இருக்காது. எனவே முன்கதை எழுதவில்லை. என் வேண்டுகோள் ஒன்றுதான்: பேச்சு, மொழிக் கணினியியல் துறையில் நிபுணர்கள் மதிப்பிட்டு ஏற்ற மாநாட்டுக் கட்டுரையை, உங்கள் பட்டியலில் உள்ள ஆய்வுப் பத்திரிகைக் கட்டுரையைப் போலவே, முனைவர் பட்ட ஆய்வேடு சமர்ப்பிக்கத் தேவையான வெளியீடாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை வந்த உங்கள் கடிதத்தில் விஷயம் என்று இருந்தது ஒரே வரி. ‘கான்ஃபரன்ஸ் பேப்பர் நாட் கன்சிடர்டு.’ கீழே கையொப்பம், ரப்பர் ஸ்டாம்ப். அந்தக் கட்டுரையை மூன்று பேர் படித்து மதிப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் பத்தொன்பது கேள்வி கேட்டிருந்தார், ஒலிப்பதிவு செய்த இடத்தில் ஃபேன் ஓடியதா என்பதுவரை. (ஓடியது. மே மாதத்தில் அரூரில் ஃபேனை நிறுத்திவிட்டு யாரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்ல முடியாது.) எல்லாவற்றுக்கும் பதில் எழுதி, இரண்டு சோதனைகளை மறுபடி ஓட்டிக் காட்டிய பிறகே ஏற்றார்கள். இதே ஆய்வை விரித்து எழுதி உங்கள் பட்டியலில் உள்ள ஒரு பத்திரிகைக்கும் அனுப்பினேன். பதினான்கு மாதம் வைத்திருந்தார்கள். பிறகு மதிப்பீட்டுக்கே அனுப்பாமல், வட்டார அளவிலான பொருள் என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

வட்டாரம்தான். தருமபுரி, பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பேச்சை எழுத்தாக்கும் நரம்பியல் வலைப்பின்னலைப் பற்றியதுதான், அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் கணினி நிரலைப் பற்றியதுதான் என் ஆய்வு. “தொட்டியில தண்ணி இக்குதா?” (இருக்கிறதா) என்று பென்னாகரம் பக்கம் ஒரு பாட்டி கேட்டதை, இலவசமாகக் கிடைக்கும் ஒரு கணினி மாதிரி (மாடல்) ‘தண்ணி இக்கட்டா’ என்று எழுதியது. “நம்மூருக்கு அதுவும் சரிதான் சார்” என்று பாட்டியின் பேரன் சிரித்தான். இத்தகைய மாதிரிகள் ஒலியைத் தின்று வளர்பவை. 2022இல் வந்த விஸ்பர் என்ற பேச்சு மாதிரிக்கு 6,80,000 மணி நேர ஒலி தீனி. அதில் ஆங்கிலம் நீங்கலாக 96 மொழிகளுக்குச் சேர்த்து 1,17,000 மணி நேரம். இதில் பென்னாகரத்துப் பாட்டிக்கு எத்தனை நிமிடம் வாய்த்திருக்கும்? நான் சேர்த்தது 42 மணி நேரம். கல்லூரியில் வாரம் பதினெட்டு வகுப்பு எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் பஸ்ஸில் போய்ப் பதிந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே மூச்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும். ஒரு மணி நேரத்தைக் கேட்டு எழுத எனக்குப் பத்து மணி நேரம் பிடித்தது.

பத்திரிகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலைப்பின்னல் தன் பிழையிலிருந்து கற்கும் பின்பரவல் முறையைப் பரவலாக்கிய கட்டுரை 1986இல் பத்திரிகையில்தான் வந்தது, முன்னால் வந்ததை நினைவில் வைக்கும் எல்.எஸ்.டி.எம். வலைப்பின்னல் 1997இல் வந்ததும் பத்திரிகையில்தான். ஆனால் அதற்குப் பிறகு இந்தத் துறையின் நடை மாறிவிட்டது. ஒலிக்கும் எழுத்துக்கும் தானே பொருத்தம் கண்டுபிடிக்கும் சி.டி.சி. முறை 2006இல் ஒரு மாநாட்டில் வந்தது. படங்களை அடையாளம் காணும் அலெக்ஸ்நெட் 2012இல், அதுவும் மாநாடு. பேச்சு உணர்தலில் எல்லாரும் கையாளும் கன்ஃபார்மர் என்ற வலைப்பின்னல் 2020 இன்டர்ஸ்பீச் மாநாட்டில். சாட்ஜிபிடியின் கடைசி எழுத்தான ‘டி’ இருக்கிறதே, அந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற வலைப்பின்னல் அமைப்பு 2017 டிசம்பரில் ஒரு மாநாட்டில்தான் வெளியானது. எழுதியவர்கள் எட்டுப் பேர். அவர்கள் நம் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்தால் எட்டுக் கோப்புகளும் ‘நாட் கன்சிடர்டு’ ஸ்டாம்போடு திரும்பியிருக்கும். வெளிநாட்டுக்குக்கூடப் போக வேண்டாம். உங்கள் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது; தமிழில் அடித்திருந்தால் உங்கள் அலுவலகத்தில் தட்டியிருக்கக்கூடிய தமிழ்99 விசைப்பலகையும் 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் முடிவானதுதான்.

இனி, நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயம். மூன்றாவது முறை கோப்பு திரும்பிய அன்று ராத்திரி பதினோரு மணிக்கு தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். கடைசி டவுன் பஸ் போய்விட்டது. டீக்கடை பெஞ்சில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாட்ஸாப்பில் ஒரு செய்தி. ‘ஸ்கோபஸ் கேரண்டி. 45 நாள். முதல் ஆதர் 40 ஆயிரம், இரண்டாவது 28.’ ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் இடம்பெற்ற பத்திரிகையில் கட்டுரை வரும், அதில் ஆசிரியராகப் பெயர் போடக் காசு என்று அர்த்தம். முன்பின் தெரியாத எண். சும்மா விசாரிப்போமே என்று கூப்பிட்டேன். அந்த நேரத்திலும் எடுத்தார். பேர்கூடக் கேட்கவில்லை, பல்கலைக்கழகம் எது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “உங்க யுனிவர்சிட்டி ரூல் நமக்கு அத்துப்படி சார். கான்ஃபரன்ஸ்ல போட்டு ஏமாந்துட்டீங்களா? நிறையப் பேர் அப்படித்தான் வர்றாங்க.” தலைப்பைத் தரவா என்றேன். “அதெல்லாம் நாங்களே பார்த்துக்குவோம் சார்” என்றார்.

உங்கள் விதியை இவ்வளவு தெளிவாக எனக்கு விளக்கியவர் இதுவரை அவர் ஒருவர்தான். உங்கள் கவுண்டரில்கூட அந்தப் பொறுமை கிடைத்ததில்லை. நான் வாங்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. என் மாதச் சம்பளம் 22 ஆயிரம். வாங்கியவர்கள் என் அறிவுக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் கோப்பு ஒரு தடவையும் திரும்பவில்லை. இப்போது பெயருக்கு முன்னால் முனைவர் போட்டுக்கொள்கிறார்கள், ஆய்வாளர்களுக்கு வழிகாட்டவும் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், மேடைக்கு மேடை செயற்கை நுண்ணறிவில் தமிழ் என்கிறார்கள். பொன்னாடை, மரக்கன்று, குழுப் படம். அந்தத் தமிழுக்கு ராகிக்களி கிண்டுகிற ஊரின் குரலும் வேண்டாமா? அந்தக் குரலைப் பதிந்துகொண்டு வருகிறவன் கட்டுரையை எங்கே அச்சிட்டான் என்று பார்க்கிற நேரத்தில், பாதியையாவது அவன் என்ன செய்திருக்கிறான் என்று பார்க்கச் செலவிடலாம். மாதிரியைப் பயிற்றுவிக்க நான் பயன்படுத்தும் கூகுளின் இணையவழிக் கணினிச் சேவையான கோலாபின் இலவசக் கணக்கு அதிகபட்சம் பன்னிரண்டு மணி நேரத்தில் என்னைத் துண்டித்துவிடும். அதையாவது புரிந்துகொள்கிறேன், அது இயந்திரம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறையில் கட்டுரை வெளியீட்டுக் கட்டாயமே எடுக்கப்பட்டுவிட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பல்கலைக்கழகம் தனக்கென்று ஒரு நிபந்தனை வைத்துக்கொள்வதையும் நான் எதிர்க்கவில்லை. அந்த நிபந்தனையில் மதிப்பீடு பெற்ற மாநாட்டுக் கட்டுரைக்கும் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். எல்லா மாநாட்டுக்கும் வேண்டாம்; காசு கட்டினால் சான்றிதழ் தருகிற மாநாடுகளும் உண்டு, அவை வாராவாரம் எனக்கும் அழைப்பு அனுப்புகின்றன. எவை தரமானவை என்று ஒரு பட்டியல் போட, துறை அறிந்த நான்கு பேராசிரியர்களை உட்காரவைத்தால் ஒரு மதியம் போதும்.

வரும் மாதத்தோடு, ஆய்வை முடிக்க எனக்குள்ள ஆறாண்டுக் காலம் முடிகிறது. மூன்று மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளையும் என் பதில்களையும் சேர்த்து 41 பக்கம் இணைத்திருக்கிறேன். பாட்டியின் குரல் பென்டிரைவில் இருக்கிறது. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒருவேளை மறுபடியும் திருப்புவதென்றால், தயவுசெய்து மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். உங்கள் கவுண்டர் நான்கு மணிக்கு மூடுகிறது, எங்கள் ஊர் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இப்படிக்கு,
பகுதிநேர ஆய்வாளர் ஒருவர்,
தருமபுரி.