உருளைக்கிழங்கில் தொடங்கிய கண்காட்சி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். எங்கள் வரலாற்று மன்றப் பிள்ளைகள் அயர்லாந்துப் பாதிரியார்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள். போன வாரம் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, "ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு அயர்லாந்து பாதிரியார் கதை எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து இன்னொருவர், "மதப் பிரச்சாரம் ஏதாவது நடக்குதா?" என்றார். நேரமாகிவிட்டதால் அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. வாய்விட்டுக் கேட்டவர்கள் இரண்டு பேர்தான். மனதுக்குள் கேட்டவர்கள் கூடுதலாக இருப்பார்கள். அதனால் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

இந்தக் கண்காட்சி பாதிரியாரில் தொடங்கவில்லை, உருளைக்கிழங்கில் தொடங்கியது. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது; அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். வகுப்பில் இது ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, "கிழங்கு அழுகினா கோதுமை சாப்பிட வேண்டியதுதானே மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. தானியம் விளைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது நிலச்சுவான்தாருக்குக் குத்தகை கட்டுவதற்காக விளைந்தது. பஞ்ச காலத்திலும் துறைமுகம் வழியே தானியம் வெளியே போனது. "அப்போ அவங்களுக்குன்னு யாருதான் இருந்தா?" என்றாள் அடுத்து. அதற்குப் பதில் தேடிப் போன இடத்தில்தான் வரலாற்று மன்றப் பிள்ளைகள் பாதிரியார்களைக் கண்டார்கள்.

ஒரு ஊர் தன் பாதிரியாரை ஏன் அவ்வளவு நம்பியது என்று புரிய, பஞ்சத்துக்கும் 150 ஆண்டு முன்னால் போக வேண்டும். அயர்லாந்தில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள், ஆட்சியோ புராட்டஸ்டன்ட்காரர்கள் கையில். அங்கே கத்தோலிக்கர்களை ஒடுக்கும் சட்டங்கள் 1690-களில் வரிசையாக வந்தன. 1695 சட்டப்படி கத்தோலிக்கர் பள்ளி நடத்தக்கூடாது, பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பவும் கூடாது. 1697-இல் ஆயர்களும் துறவியரும் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று இன்னொரு சட்டம். ஆனாலும் இளைஞர்கள் பாரிசுக்கும் ஸ்பெயினின் சலமான்காவுக்கும் ரோமுக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்து, படித்துக் குருவாகித் திரும்பினார்கள். மலையோரப் பாறையே பீடம். மழையில் நின்றபடி பூசை. அந்தப் பாறைகள் பல இன்றும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு வேலியோரத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் பாடம் நடந்தது. (கட்டடம் கிடையாது, ஆய்வு கிடையாது, சில இடங்களில் லத்தீன் வரை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.)

குருவை அவர்கள் 'சகர்த் அரூன்' என்று அழைத்தார்கள். அன்புக்குரிய குருவே என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'சாமி' என்று கூப்பிடும்போது மரியாதையோடு ஒரு உரிமையும் சேர்ந்து ஒலிக்குமே, அந்த மாதிரி.

பஞ்சத்தில் கப்பலேறியவர்களோடு இந்த உறவும் கடல் கடந்தது. 1847-இல் கனடாவின் கியூபெக்குக்குப் பக்கத்தில் குரோஸ் ஈல் என்ற தீவில் காய்ச்சல் கண்டவர்களை இறக்கினார்கள். அந்த ஒரே ஆண்டில் அங்கே 5,000 பேருக்கு மேல் புதைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு டொராண்டோவில், அயர்லாந்துப் பெற்றோருக்கு ஹாலிஃபாக்ஸில் பிறந்த ஆயர் மைக்கேல் பவர், நோயாளிகளைப் பார்க்கப் போய்த் தானும் டைஃபஸ் காய்ச்சல் கண்டு அக்டோபர் 1 அன்று இறந்தார். வயது 42.

எனக்கு மிகவும் பிடித்தவர் மைக்கேல் மெக்கிவ்னி. அமெரிக்காவின் கனெக்டிகட்டில், வாட்டர்பரி என்ற ஊரில், அயர்லாந்திலிருந்து வந்த குடும்பத்தில் 1852-இல் பிறந்தவர். 13 பிள்ளைகளில் மூத்தவர். 13 வயதிலேயே பித்தளைத் தொழிற்சாலையில் கரண்டி செய்யும் பிரிவில் வேலை. பிறகு குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்துபோனார். சம்பாதிக்கிற ஆள் போய்விட்டால் ஒரு வீடு என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நியூ ஹேவனில் உதவிப் பங்குக் குருவாக இருந்தபோது, தகப்பனை இழந்த ஒரு சிறுவனுக்கு நீதிமன்றத்தில் காப்பாளராக நின்றிருக்கிறார். அதே ஆண்டு, 1882-இல், கோவிலின் நிலத்தடி அறையில் கூடிய ஆண்களை வைத்து 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' என்ற சங்கத்தைப் பதிவு செய்தார். உறுப்பினர்கள் காசு போடுவார்கள். ஒருவர் இறந்தால் அவர் மனைவி மக்களுக்குப் பணம் போகும். நம் சீட்டுக்கும் காப்பீட்டுக்கும் இடைப்பட்ட ஒரு ஏற்பாடு. 1890-இல் நிமோனியாவில் இறந்தபோது மெக்கிவ்னிக்கு வயது 38-தான். சங்கம் இன்றும் ஓடுகிறது.

சரி, இதுவரை படித்தால் பின்வரிசைக்காரரின் சந்தேகம் கூடத்தான் செய்யும். நல்லவர்கள் கதையாகவே போகிறதே! பிள்ளைகள் முதலில் கொண்டுவந்த பட்டியலில் இன்னொரு காட்சிப் பலகையும் இருந்தது. நான்தான் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். மறுநாள் அதே மாணவி என் அறைக்கு வந்து, "அதை எடுத்துட்டா இது விளம்பரம் மேடம்" என்றாள். இரண்டு நாள் யோசித்துவிட்டுத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன்.

அந்தப் பலகை எட்வர்ட் ஃபிளானகன் என்ற பாதிரியாரில் தொடங்குகிறது. 1886-இல் அயர்லாந்தின் பாலிமோவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். 1917 டிசம்பரில் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில், கடன் வாங்கிய 90 டாலரில் வீடு பிடித்து, ஆதரவற்ற பையன்களுக்கு 'பாய்ஸ் டவுன்' இல்லத்தை ஆரம்பித்தார். எந்த நிறம், எந்த மதம் என்று பார்க்காமல் சேர்த்துக்கொண்டார். பையன்களே தங்களுக்குள் ஒரு மேயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். கெட்ட பையன் என்று ஒருவன் கிடையாது என்பது அவர் ஓயாமல் சொன்ன பேச்சு.

1946-இல் அவர் பிறந்த நாட்டுக்கு வந்தார். ஊரே திரண்டு வரவேற்றது. அவரோ கார்க் நகரக் கூட்டத்தில், ஏழை, ஆதரவற்ற பிள்ளைகளைத் தங்கவைத்துத் துறவற சபைகள் நடத்திய சிறுவர் தொழிற்பள்ளிகளில் பிள்ளைகளை நடத்தும் விதத்தைக் கண்டித்தார். இதை அனுமதிப்பது நீங்கள்தான், மாற்றவும் உங்களால் முடியும் என்று எதிரே உட்கார்ந்திருந்த மக்களிடமே சொன்னார். யாருக்கும் ரசிக்கவில்லை. நீதித்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் அதைத் தட்டிக்கழித்தார். ஃபிளானகன் 1948-இல் பெர்லினில் இறந்தார். அந்தப் பள்ளிகளில் பல தலைமுறைப் பிள்ளைகள் அடியையும் பசியையும் பாலியல் வன்முறையையும் அனுபவித்தார்கள் என்று அயர்லாந்து அரசு ஆணையம் விரிவாக அறிக்கை கொடுத்தது 2009 மே மாதத்தில். இடையில் 60 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

பாதிரியார்மேல் ஊர் வைத்த நம்பிக்கை, பாறையடியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பூசை வைத்தவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது. அதனால்தான் பின்னால் வந்தவர்களை யாரும் கேள்வி கேட்கத் துணியவில்லை. என் வாசிப்பு இது. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் கண்காட்சிக்கு வந்து சொல்லுங்கள்.

அந்தப் பலகையின் வாசகத்தை நானும் எங்கள் ஆலோசனை ஆசிரியையும் வரிவரியாகப் பார்த்துவிட்டோம். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டப்போவதில்லை. குழந்தைகள் உதவி எண் 1098 அதன் கீழேயே எழுதியிருக்கும். உங்கள் பிள்ளை அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தால் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், காரணம் கேட்க மாட்டோம்.

சென்னைக்கும் இதில் தொடர்பு உண்டு. 1842-இல் அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்த பிரசென்டேஷன் சபைக் கன்னியர்கள் சென்னையில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தனியாகச் செய்கிறார்கள்.

கண்காட்சி வரும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை, பள்ளி அரங்கில். அப்புறம் ஒரு வேண்டுகோள்: பஞ்சத்துக்கு முன் அயர்லாந்துக் கூலிக்காரர் ஒருவர் நாளுக்கு 5 கிலோவுக்கு மேல் உருளைக்கிழங்கு சாப்பிட்டார் என்பதைக் குவித்துக் காட்டப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை பிள்ளையிடம் ஒரே ஒரு கிழங்கு கொடுத்தனுப்புங்கள், முளைவிட்டது வேண்டாம். திங்கட்கிழமை அதெல்லாம் சத்துணவுக் கூடத்துக்குப் போய்விடும்.

அன்புடன்,
தலைமையாசிரியை