பழைய கைக்கடிகாரத்தின் தங்கக் கூட்டை விற்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இதழில் பழைய நகைகளை விற்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சங்கிலி, வளையல், தோடு ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவை. ஆனால் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், கிராணியாகவோ (தோட்ட எழுத்தர்) டிரெசராகவோ (தோட்ட மருத்துவ உதவியாளர்) இருந்து ஓய்வு பெற்றவர்களின் வீடுகளில், அலமாரியின் உள்தட்டில் கைக்குட்டையில் சுற்றிய இன்னொரு தங்கமும் இருக்கிறது. அது தாத்தாவின் கடிகாரம். தங்கத்தின் விலை ஏற ஏற அவையெல்லாம் இப்போது வெளியே வருகின்றன. இந்த ஊரில் நாற்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுது பார்த்து வருபவன் என்ற முறையில், அந்தக் கூட்டில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கத் தெரியாமல் நம் மக்கள் நஷ்டப்படுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஓர் அம்மா தம் மாமனாரின் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே ஒரு கடையில் காட்டியிருக்கிறார். அவர்கள் கல்லில் உரைத்து, திராவகம் விட்டு, கோடு மறைந்துவிட்டதால் “இது முலாம்” என்று சொல்லி 120 ரிங்கிட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் பின்மூடியைத் திறந்து கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உட்புறத்தில் அரிசியளவு கூட இல்லாத நான்கு முத்திரைகள் வரிசையாக இருந்தன: கூடு செய்தவரின் எழுத்துகள், 9 என்ற எண்ணோடு .375, ஒரு நங்கூரம், ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மதிப்பீட்டு நிலையத்தின் முத்திரை. அங்கே மாற்று, அதாவது தங்கத்தின் தரம், பார்த்து உறுதி செய்த பிறகே அதைக் குத்துவார்கள். ஆக அது 9 காரட் தங்கம். ஆயிரத்தில் 375 பங்கு சுத்தத் தங்கம்.

கடைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. நம் நகைக்கடைகள் நாள் முழுவதும் பார்ப்பது 916, அதாவது 22 காரட். அந்த மாற்றுக்குரிய திராவகத்தை 9 காரட் கோட்டின் மேல் விட்டால் கோடு கரைந்துதான் போகும், ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் செம்பும் வெள்ளியும்தான். தாழ்ந்த மாற்றுக்குத் தாழ்ந்த திராவகமும் அதற்குரிய உரை ஆணியும் (ஒப்பிட்டு உரைப்பதற்கான, மாற்றுத் தெரிந்த தங்க முனை ஊசி) வேண்டும். அவை இல்லாத இடத்தில் நல்ல தங்கமும் கவரிங் ஆகிவிடுகிறது.

தோல் வாருடன் தராசில் வைத்தபோது அந்தக் கடிகாரம் 31 கிராம் காட்டியது. வார், மெஷின், டயல், கண்ணாடி, சாவி கொடுக்கும் குமிழ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் நிறுத்தபோது 11.6 கிராம். குமிழையும் ஏன் கழற்ற வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். பெரும்பாலும் அதன் உள்ளே வேறு உலோகம் இருக்கும், தங்கம் மேலே மட்டும்தான். பிறகு கூட்டை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு மறுபடி நிறுத்தேன். ஏறத்தாழ ஒரு கிராம் எடை குறைந்தது. அதே எடையுள்ள பித்தளை அதிக இடம் பிடிக்கும் என்பதால், பித்தளையாக இருந்தால் 1.4 கிராம் அளவுக்குக் குறைந்திருக்கும். இனிக் கணக்கு எளிது: 11.6 கிராமை 0.375 ஆல் பெருக்கினால் 4.35 கிராம் சுத்தத் தங்கம். நமக்குப் பழக்கமான 916 கணக்கில் இது 4.75 கிராம், அதாவது அரைப் பவுனுக்கும் சற்று மேல். சுத்தத் தங்கம் கிராம் 500 ரிங்கிட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் 2,175 ரிங்கிட் ஆகிறது. உருக்குச் சேதாரமும் வாங்குபவரின் லாபமும் அதில் கழியத்தான் செய்யும். ஆனால் 120 ரிங்கிட்டுக்கும் அதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, ஒன்றுமில்லாததைத் தங்கம் என்று நம்பி வருபவர்களும் உண்டு. அவர்களிடம் உண்மையைச் சொல்வதுதான் எனக்கு அதிகச் சங்கடம். ஒரு பெரியவர் கொண்டுவந்த சட்டைப்பைக் கடிகாரத்தின் மூடிக்குள், டென்னிசன் என்ற பர்மிங்காம் கூடு நிறுவனத்தின் வாசகம் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தது: இரண்டு தங்கத் தகடுகளுக்கு நடுவே கலப்பு உலோகத் தகடு வைத்துச் செய்யப்பட்டது, இருபது ஆண்டு உழைக்கும் என்று உத்தரவாதம். நம் பெண்கள் ரோல்டு கோல்டு வளையல் என்கிறார்களே, அதே வேலைதான், தகடு மட்டும் கொஞ்சம் கனம். அமெரிக்கக் கூடுகளில் “14 கே” (14 காரட்) என்று கூடவே எழுதியிருப்பதால் படித்தவர்களே மயங்குகிறார்கள். கூட்டில் எங்கேயாவது உழைக்கும் ஆண்டுகளின் எண்ணிக்கை இருந்தால், அது முழுத் தங்கம் அல்ல என்று நிச்சயமாகக் கொள்ளலாம். முழுத் தங்கத்துக்கு யாரும் இருபது ஆண்டு உத்தரவாதம் எழுதுவதில்லை. “20 மைக்ரான்” போன்ற எழுத்துகள் இருந்தால் அது முலாம். பின்மூடி மட்டும் எவர்சில்வர் என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அப்படியே. பத்து மைக்ரான் முலாம் என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு கைக்கடிகாரத்தின் வெளிப்புறம் முழுவதிலும் சேர்த்துச் சுரண்டினாலும் தேறுவது கிராமில் ஒரு சிறு பங்குதான், அதைப் பிரித்தெடுக்கும் செலவே அதற்குச் சமமாகிவிடும்.

இப்போது பெரிய கடைகளில் எக்ஸ்ரே கருவியில் வைத்து நொடியில் மாற்றுச் சொல்கிறார்கள். நல்ல கருவிதான், ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டுமே. தகடு கனமாக இருந்தால் ரோல்டு கோல்டைக்கூட 14 காரட் என்று காட்டிவிடும். ஆகவே திறந்து உட்புறத்தைப் பார்க்காமல் அந்த எண்ணை நம்ப வேண்டாம். சட்டைப்பைக் கடிகாரங்கள் பலவற்றில் இரண்டாவதாக ஓர் உள்மூடியும் இருக்கும்; வெளி மூடிகள் தங்கமாக இருந்தும் இந்த ஒன்று மட்டும் பித்தளையாக இருப்பது மிகச் சாதாரணம். அதைத் தனியாக நிறுத்துக் கழிக்க வேண்டும்.

இதில் எனக்கும் ஒரு காயம் உண்டு. என் தகப்பனார் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சுவிஸ் கடிகாரத்தை, அவர் காலமான பிறகு, நான் வெளியூரில் தொழில் பழகிக்கொண்டிருந்த சமயத்தில், வீட்டில் பணமுடைக்கு விற்றுவிட்டார்கள். பெண் தலை முத்திரை இருந்ததை நான் சிறுவனாக இருக்கும்போதே பார்த்திருக்கிறேன். சுவிட்சர்லாந்தில் 18 காரட்டுக்கு அக்காலத்தில் குத்தியது அதுதான். வாங்கிய கடையில் எடையும் சொல்லவில்லை, மாற்றும் சொல்லவில்லை, மொத்தமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நான் தேடிப் போனபோது மெஷின் மட்டும் ஒரு தகர டப்பாவில் கிடந்தது. குறட்டால் நெம்பி எடுத்ததில் பேலன்ஸ் வீலின் அச்சு முறிந்திருந்தது. அப்பாவின் பெயர் வெட்டியிருந்த பின்மூடி உருக்குக்குப் போய்விட்டது.

அதனால் இரண்டு வேண்டுகோள்கள். கடைக்காரர்கள் கூட்டை விற்பவரின் கண் முன்னே திறந்து, மெஷினைப் பத்திரமாகக் கழற்றி, வெறும் கூட்டின் எடையையும் மாற்றையும் ரசீதில் எழுதிக் கொடுக்க வேண்டும். மெஷின் வேண்டாமென்றால் அதைத் திருப்பித் தர வேண்டும். நன்றாக ஓடும் மெஷினோடு முழுக் கடிகாரமாக வாங்கிக்கொள்பவர்கள் உருக்கு விலையைவிடக் கூடுதலாகத் தருவதும் உண்டு என்பதால், விற்பவர்களும் முதலில் அதை விசாரிப்பது நல்லது. தங்கள் நாளிதழ் அன்றாடம் 916 தங்கத்தின் விலையை வெளியிடுகிறது. அதற்குக் கீழே 750, 585, 375 (18, 14, 9 காரட்) ஆகிய மாற்றுகளின் கிராம் விலையையும் ஒரு வரியாகச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த அம்மா கடிகாரத்தை விற்கவில்லை. எண்ணெய் போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் பிந்துகிறது.

இப்படிக்கு,
கடிகாரம் பழுது பார்ப்பவர்,
சுங்கை சிப்புட், பேராக்.