கடைமடையையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண்மாய் சீரமைப்பு பற்றிய செய்திகளில் ஒதுக்கிய தொகையும் அள்ளிய மண்ணின் அளவும் தவறாமல் இடம்பெறுகின்றன. தூர்வாரிய பிறகு, பாசன வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் சென்றதா என்பது அரிதாகவே இடம்பெறுகிறது. அந்தக் கேள்வியை ஆழ்ந்து ஆராய்ந்த ஒரு நிறுவனத்தின் முடிவுகள் நமக்கு மிகவும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் எலினோர் ஆஸ்ட்ரமும் அவர் கணவர் வின்சென்ட் ஆஸ்ட்ரமும் 1973-இல் தொடங்கிய ஆய்வு மையம் அது. மாணவர்களைக் கணினி முன் அமர்த்தி, பொது வளம் ஒன்றிலிருந்து ஆளுக்கு ஆள் எடுத்துக்கொள்ளும் சோதனைகளை அங்கே நடத்தினார்கள். பேச அனுமதியில்லாத குழுக்கள் அளவுமீறி எடுத்தன. கூடிப் பேச வாய்ப்புப் பெற்றவர்களோ, வாக்குத் தவறினால் தண்டிக்க யாரும் இல்லாதபோதும், பெருமளவு கட்டுப்பாட்டோடு நடந்துகொண்டார்கள். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் எலினோர் ஆஸ்ட்ரம்.

நேபாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை இம்மையத்தினர் ஒப்பிட்டனர். மண்ணும் கல்லும் மரக்கிளையும் கொண்டு விவசாயிகளே கட்டிக் காத்த அணைகள் பார்வைக்கு எளியவை. ஆனால், அரசு நிர்வகித்த பாசனங்களைவிட அவற்றில்தான் பொதுவாகக் கடைமடைக்குத் தண்ணீர் நன்றாகச் சென்றது. ஆண்டுதோறும் அணையைச் செப்பனிடக் கடைமடைக்காரரின் உழைப்பு, வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் வைத்திருந்த தலைமடைக்காரருக்குத் தேவைப்பட்டதால், அவருக்கும் பங்கு விட்டாக வேண்டியிருந்தது. அதிகப் பராமரிப்பு தேவைப்படாத கான்கிரீட் அணை வந்த இடங்களில் அந்தத் தேவை மறைந்தது. அதோடு கடைமடைக்காரரின் பேச்சுக்கு இருந்த மதிப்பும் குறைந்தது.

சிமெண்டு வேண்டாம் என்பதல்ல என் வாதம்; உபரி நீர் வழியும் கழுங்கும், பாசனத்துக்கு நீர் திறக்கும் மடையும் உறுதியாக இருக்கத்தான் வேண்டும். ஆனால், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்கால் வெட்டியதும், நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் நீர்பாய்ச்சி என்பவர் சொன்ன முறைப்படி வயலுக்கு வயல் தண்ணீர் விட்டதும் நம் ஊர்களில் வழிவழியாக இருந்த ஏற்பாடுகள். 2017-இல் ஊர்மக்களும் சேர்ந்து நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டத்தை அரசு மீண்டும் தொடங்கியபோது நான் பெரிதும் மகிழ்ந்ததும் இதனால்தான். இயந்திரம் வந்து மண்ணை அள்ளிவிட்டுப் போவதால் மட்டும் அந்த ஏற்பாடுகள் திரும்பிவிடாது.

ஆகவே, பணி தொடங்குமுன் கடைமடை விவசாயிகள் உட்பட அந்தக் கண்மாயில் பாசனம் பெறும் ஆயக்கட்டுதாரர் அனைவரையும் கூட்டி, தண்ணீர் முறையையும் பராமரிப்புப் பொறுப்பையும் எழுத்தில் முடிவுசெய்யுமாறு நீர்வளத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் செய்தியாளர்களும் பணி முடிந்த அடுத்த பருவத்தில் கடைசி மடைவரை நடந்து சென்று பார்த்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.